நள்ளிரவில் கணினியை எழுப்புதல்

ஜார்ஜ் டவுனிலுள்ள தமிழ்ச் சங்கங்கள், ஆலய நிர்வாக சபைகள், வாசகசாலைகள் ஆகியவற்றின் காரியதரிசிகளுக்கும் பொருளாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய அன்பர்களே,

உங்களில் பலருடைய காரியாலயங்களில் கணினியைப் பழுது பார்ப்பதும் கணக்கு மென்பொருளை ஏற்றிக் கொடுப்பதுமாகப் பல ஆண்டுகள் பழகியவன் என்ற ஒரே உரிமையைக் கொண்டு இம்மடலை எழுதத் துணிகிறேன். சந்தா வரவு, அர்ச்சனைச் சீட்டு, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் செலவு, மண்டப வாடகை, மரண சகாய நிதி, உறுப்பினர் பதிவேடு, செயற்குழுவின் நடவடிக்கைக் குறிப்பு என்று முன்பெல்லாம் கட்டுக்கட்டாக இரும்பு அலமாரியை நிறைத்துக்கொண்டிருந்த ஏடுகள் யாவும் இப்பொழுது மேசைக்கு அடியில், தூசும் கரப்பான் பூச்சியும் தாராளமாகக் குடிபுகும் ஒரு தகரப் பெட்டிக்குள் ஒடுங்கிவிட்டன. அப்பெட்டிக்கு ஓர் அபாயம் நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கும்போதெல்லாம், "அதற்குத்தான் பேக்கப் போட்டிருக்கிறோமே" என்ற விடை தயக்கமின்றி வருகிறது. அந்தத் தயக்கமின்மையின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

காரணத்தைச் சொல்லுகிறேன். பகல் வேலைக்கு இடைஞ்சல் இருக்கக் கூடாது என்று கருதி, நள்ளிரவு கழிந்து ஒரு மணிக்குக் காப்புப் பிரதி எடுக்கும்படி ஒரு புத்திமான் நேரம் குறித்து வைத்தார். மின்சாரம் வீணாகக் கூடாது என்று கருதி, அரை மணி நேரம் கை படாவிட்டால் கணினி தானாகவே உறங்கிப்போகும்படி இன்னொருவர், அவரும் புத்திமான்தான், அமைத்து வைத்தார். தனித்தனியே பார்த்தால் இருவர் செய்ததும் நியாயமே; ஆனால் அவ்விரண்டு நியாயங்களும் ஒன்று கூடியதன் பயனாக, அலமாரிமேல் அமர்ந்திருக்கும் நாஸ் என்னும் சேமிப்புக் கருவி ஒரு மணிக்குக் கணக்கருடைய கணினியைத் தேடுகிறது; கணினியோ உறக்கத்தில் இருக்கிறது; சிறிது நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, 'தோல்வி' என்று ஒரு வரியைத் தன் பதிவேட்டில் எழுதிவிட்டு, நாஸ் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. அவ்வரியை மறுநாள் காலையில் படிப்பவர் யாருமில்லை. ஒரு காரியாலயத்தில் அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது, எவ்வளவு தூரம் கீழே இறங்கினாலும் சிவப்பு வரிகளாகவே வந்தன. எங்கேனும் அபூர்வமாக ஒரு பச்சை வரி தென்பட்டது. அந்தப் பச்சை வரிகளின் தேதிகளை விசாரித்தால், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கும் தைப்பூசத்துக்கும் முந்திய இரவுகளாக இருந்தன. அதாவது, பொருளாளர் கண் விழித்துக் கணக்கு முடித்த இரவுகளில் மட்டுமே, அவரோடு சேர்ந்து கணினியும் விழித்திருந்த காரணத்தால், பிரதி எடுக்கப்பட்டிருந்தது.

இக்குறையைப் போக்க நம்மவர் கையாளும் வழிகள் இரண்டு. எழுத்தர் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தம்ப் டிரைவைச் செருகிப் பிரதி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவது ஒன்று. அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எழுத்தருக்குத் திருமணம் ஆகும் வரையில் அந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கும். மற்றொன்று, கணினியை இராப்பகலாக ஓடவிடுவது. சும்மா இருக்கும் ஒரு மேசைக் கணினி 50 வாட் இழுப்பதாகக் கொண்டால், பன்னிரண்டு மணி நேர இரவுக்கு 0.6 யூனிட், மாதம் ஒன்றுக்கு 18 யூனிட் ஆகிறது. இது சங்கத்தைத் திவாலாக்கும் தொகையன்று என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன். மின்கட்டணத்தைச் சொல்லி உங்களை அச்சுறுத்துவது என் நோக்கமும் அன்று. ஆயினும், குளிர்சாதனம் நின்றுபோன, ஜன்னல்கள் அடைபட்ட, ஓட்டுக்கூரையின் வெக்கை இறங்காத ஒரு கடைவீட்டு மாடியில், கணக்கருடைய பெயரில் உள்நுழைந்த நிலையிலேயே ஐந்தாறு கணினிகளை விடிய விடிய ஓடவிடுவது, வெப்பத்தைக் கருதினாலும் பாதுகாப்பைக் கருதினாலும் விரும்பத்தக்கதன்று. அரை மணி நேர வேலைக்காக இரவு முழுவதும் விழித்திருக்கச் சொல்லுவது மனிதருக்கு மட்டுமன்று, யந்திரத்துக்கும் அநாவசியமான தண்டனையே.

உறங்கும் கணினியை வேண்டிய நேரத்தில் எழுப்பி, வேலை வாங்கிக்கொண்டு, மறுபடியும் உறங்கவிடலாம் என்பதே நான் சொல்ல வந்த விஷயம். அதற்கான உபகரணம் உங்கள் பெட்டிகளுக்குள் ஏற்கனவே இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஒரு நாள் மாலையில் எல்லோரும் போன பிறகு மேசைக்கு அடியில் குனிந்து, உறங்கும் கணினியின் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். விசிறி நின்றுவிட்டது, திரை இருண்டுவிட்டது, ஆனால் நெட்வொர்க் கேபிள் செருகியிருக்கும் துளையின் ஓரத்தில் ஒரு சிறு விளக்கு, பச்சையாகவோ மஞ்சளாகவோ, இன்னும் எரிந்துகொண்டிருக்கும். 1995-ஆம் ஆண்டில் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்பு முறைப்படி, கணினி அணைந்திருக்கும் வேளையிலும் அதன் பவர் சப்ளையிலிருந்து ஊதா நிறக் கம்பி ஒன்றின் வழியாக 5 வோல்ட் மின்சாரம் தாய்ப்பலகைக்கு ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது. அந்தச் சொற்ப மின்சாரத்தை உண்டு, நெட்வொர்க் கார்டு மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அது எதற்காகக் காத்திருக்கிறது என்பதில்தான் இந்த யுக்தியின் நயம் இருக்கிறது.

உலகில் செய்யப்படும் ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் மேக் முகவரி என்ற ஓர் அடையாளம், 48 பிட் நீளமுள்ளது, தொழிற்சாலையிலேயே பொறிக்கப்படுகிறது; ஆறு பைட் ஆகிய அதனைப் பன்னிரண்டு எழுத்துகளாக எழுதுவது வழக்கம். எழுப்ப விரும்பும் கணினியின் இம்முகவரியைத் தெரிந்துகொண்ட நாஸ், முதலில் எல்லாப் பிட்டும் ஒன்றாக உள்ள பைட்டை, எஃப் எஃப் என்று எழுதப்படுவதை, ஆறு தடவை வைத்து, அதன் பின்னர் அந்த முகவரியைப் பதினாறு தடவை இடைவிடாமல் அடுக்கி, ஆக 102 பைட் நீளமுள்ள ஒரு செய்தியைத் தயாரித்து, யாருக்கு என்று தனியே குறிப்பிடாமல், லேன் என்னும் காரியாலயத்து உள் நெட்வொர்க் முழுவதற்கும் பொதுவாக அனுப்புகிறது. இதற்கு மேஜிக் பாக்கெட் என்று பெயர். பலர் படுத்துறங்கும் சத்திரத்தில் வாயிற்படியில் நின்று ஒருவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அப்பெயருக்குரியவர் எழுந்து வர மற்றவர் புரண்டு படுப்பதுபோல, செய்தி எல்லாக் கார்டுகளின் செவியிலும் விழுந்தாலும், தன் முகவரியைப் பதினாறு தடவை கேட்ட கார்டு மட்டும் தாய்ப்பலகையைத் தட்டி எழுப்புகிறது. பதினாறு தடவை எதற்கு என்று கேட்பீர்கள். சாதாரணமாகப் போய்வரும் செய்திகளுக்குள் ஒரு முகவரி தற்செயலாக ஒரு தடவையோ இரண்டு தடவையோ வரக்கூடும்; ஆறு எஃப் எஃப்பைத் தொடர்ந்து பதினாறு தடவை தற்செயலாக வரும் என்பது நினைக்கவும் கூடாத விஷயம். இதைச் சரிபார்ப்பதற்குக் கார்டுக்குப் பேரறிவும் வேண்டியதில்லை. உறங்கும் கணினியின் மூளையைத் தொந்தரவு செய்யாமல், ஒரு சிறு சுற்றமைப்பு எண்ணிப் பார்த்தால் போதும்.

ஏன் பெயர் குறித்து நேராக அனுப்பாமல் ஊருக்கே கூவ வேண்டும் என்பதும் நல்ல கேள்வியே. உறங்கும் கணினி, தன் ஐ.பி. முகவரியைப் பற்றி யார் விசாரித்தாலும் விடை தரும் என்று நம்பியிருக்க முடியாது. அது எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கிறது என்று நெட்வொர்க் சுவிட்ச் வைத்திருக்கும் ஞாபகமும், வழக்கமான அமைப்பில், ஐந்து நிமிஷ மௌனத்துக்குப் பிறகு அழிந்துவிடும். இருக்கும் இடம் தெரியாதவரை ஊர் முழுக்கக் கூவித்தானே அழைக்க முடியும்? இதன் விளைவாக ஒரு கட்டுப்பாடும் உண்டு. இவ்வழைப்பு ரவுட்டரைத் தாண்டாது. 1999-ஆம் ஆண்டில், இத்தகைய பொது அழைப்புகளைத் துஷ்பிரயோகம் செய்து பிறருடைய நெட்வொர்க்கை மூழ்கடித்தவர்களின் தொல்லை பொறுக்காமல், வழக்கமான அமைப்பில் ரவுட்டர்கள் அவற்றை வெளியிலிருந்து உள்ளே அனுமதிக்கலாகாது என்று இணையத்தின் விதியையே மாற்றி எழுதினார்கள். ஆகையால், எழுப்புகிற கருவி உங்கள் காரியாலயத்துக்கு உள்ளேயே, அதே லேனில் இருக்க வேண்டும்.

இந்த யுக்தி எங்கிருந்து வந்தது என்பதை நம் தீவுக்காரர்கள் அறிந்துகொள்ளுவது உசிதம். மேஜிக் பாக்கெட் முறையை ஏ.எம்.டி. நிறுவனம் ஹியூலெட் பேக்கார்டுடன் சேர்ந்து உருவாக்கி 1995-இல் வெளியிட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இன்டெலும் ஐ.பி.எம்.மும் கூட்டுச் சேர்ந்து, வேக் ஆன் லேன் என்ற பெயரில் அதனைக் காரியாலயக் கணினிகளில் பரவச் செய்தன. இந்நால்வரில் மூவர் நமக்கு அந்நியரல்லர். சுதந்திரத் துறைமுகம் என்ற நம் தீவின் அந்தஸ்து போய், வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலத்தில், முதலமைச்சர் டாக்டர் லிம் சோங் இயூவின் முயற்சியால் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டபோது, 1972-ஆம் ஆண்டிலேயே அங்கே கால் வைத்த நிறுவனங்களுள் இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்டு ஆகிய மூன்றும் இருந்தன. எட்டுச் சாமுராய்கள் என்று பினாங்குவாசிகள் இன்றும் சொல்லுகிறார்களே, அந்த எட்டில் இவையும் சேர்ந்தவை. நெல் வயல்கள் இருந்த இடத்தில் எழுந்த அத்தொழிற்கூடங்களின் பேருந்துக்காக விடியற்காலையில் சாலையோரம் நின்ற தாய்மார்களும் தமக்கைமார்களும் உங்கள் குடும்பங்களிலும் இருப்பார்கள். கணினியின் உறுப்புகளை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துச் சோதித்துச் சம்பளம் வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு சமூகம், அதே கணினியில் தயாராகக் கிடக்கும் ஒரு வசதியை இயக்காமலே வைத்திருப்பது எனக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது, சற்று வருத்தமாகவும் இருக்கிறது.

இனி, இயக்கும் வகை. பொத்தானை அழுத்தினால் போதும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். இதில் இடறி விழும் இடங்கள் உண்டு. பயாஸ் என்னும் அடிப்படை அமைப்புக்குள் சென்று வேக் ஆன் லேன் வசதியை இயக்க வேண்டும்; அங்கேயே ஈ.ஆர்.பி. என்றோ டீப் ஸ்லீப் என்றோ ஒரு சிக்கன ஏற்பாடு இருந்தால் அதனை நிறுத்த வேண்டும், ஏனெனில் அது கார்டுக்குப் போகும் சொற்ப மின்சாரத்தையும் துண்டித்துவிடும். பிறகு விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, இந்தக் கார்டு கணினியை எழுப்பலாம் என்று அனுமதி தருவதோடு, மேஜிக் பாக்கெட் வந்தால் மட்டுமே எழுப்ப வேண்டும் என்ற கட்டத்திலும் குறியிட வேண்டும். இந்த இரண்டாவது குறியை விட்டுவிட்டவர்களுடைய கணினிகள், நெட்வொர்க்கில் யாரோ எதையோ விசாரிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டு எழுந்து, இரவெல்லாம் தூக்கம் கெட்ட நோயாளிகளைப் போல் இருப்பதைப் பார்க்கலாம்.

மிகப் பலர் விழும் பள்ளம் வேறொன்று. விண்டோஸ் 8 வெளிவந்த 2012-ஆம் ஆண்டு முதல், ஷட் டவுன் என்று நாம் அழுத்தும்போது கணினி முன்பு போல் முழுமையாக அணைவதில்லை. மறுநாள் விரைவாகத் தொடங்குவதற்காகத் தன் நிலைமையில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணைகிறது. இதற்கு ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று பெயர். இவ்வாறு அணைந்த கணினியையோ, முழுமையாக ஷட் டவுன் செய்த கணினியையோ நெட்வொர்க் வழியாக எழுப்புவதற்கு விண்டோஸ் இடம் தருவதில்லை. பயாஸின் தயவால் சில கணினிகள் எழுந்தாலும் அதை நம்பியிருக்க முடியாது. ஸ்லீப் அல்லது ஹைபர்னேட் என்ற நிலையில் விட்டுப் போன கணினியே அழைப்புக்கு எழும். ஆகவே, மாலையில் கடைசியாக வெளியேறுபவர் கடமையுணர்ச்சியோடு ஷட் டவுன் செய்வதை நிறுத்திவிட்டு, கணினியை உறங்கவிட்டுப் போக வேண்டும். பல்லாண்டுப் பழக்கத்தை மாற்றச் சொல்லும் இவ்விடத்தில்தான் எனக்கு எதிர்ப்பு அதிகம் வருகிறது.

எழுந்த பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. மனிதர் கை படாமல் தானாக எழுந்த கணினி, தன்னைக் கவனிப்பார் இல்லை என்று கண்டால், வழக்கமான அமைப்பில் இரண்டே நிமிஷத்தில் மறுபடியும் உறங்கிவிடும். காப்பு மென்பொருள் நல்ல மென்பொருளாக இருந்தால், 'நான் வேலை செய்துகொண்டிருக்கிறேன், உறங்காதே' என்று விண்டோஸிடம் முறைப்படி சொல்லிக்கொள்ளும். வெளியிலிருந்து நாஸ் வந்து கோப்புகளை இழுத்துக்கொள்ளும் ஏற்பாடுகளில் இது எப்பொழுதும் நடப்பதில்லை. பாதிப் பிரதியில் கணினி கண்ணயர்ந்துவிடும். அந்த இரண்டு நிமிஷத்தை ஒரு மணி நேரமாக மாற்றி வைக்கலாம். அதற்கான இடம் பவர் ஆப்ஷன்ஸில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து கிடக்கிறது என்பதால், கணினிக்காரரையே செய்யச் சொல்லுவது உத்தமம்.

மடிக்கணினிகளையும் வைஃபையில் மட்டும் இணைந்த கணினிகளையும் இவ்வேலைக்கு நம்ப வேண்டாம். கேபிள் போடுங்கள்.

அடுத்து, மெயின் சுவிட்ச் விவகாரம். ஐந்தடி நடைபாதையின் மேல் எழும்பிய பழைய கடைவீடுகளில் இயங்கும் சங்கங்கள் பலவற்றில், கதவைப் பூட்டு முன் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுப் போவது காவலாளியின் நித்திய கடமைகளுள் ஒன்று. அவர் செய்வதில் தவறில்லை. மரச் சட்டமும் பலகைத் தளமுமாக நிற்கும் கட்டடங்களில், எந்தக் காலத்தில் யார் இழுத்தார்கள் என்று தெரியாத ஒயர்கள் சுவரில் ஓடும்போது, தீயைப் பற்றிய அச்சம் மிகையானதன்று. மின்சாரமே இல்லாத பெட்டியை எந்தப் பாக்கெட்டாலும் எழுப்ப முடியாது என்பதும் வெளிப்படை. அன்றியும், மின்சாரம் முழுவதும் போய்த் திரும்பி வந்த பிறகு, ஒரு தடவை கையால் தொடங்கினால்தான் அழைப்பைக் கேட்பேன் என்று பிடிவாதம் செய்யும் கணினிகளும் இருக்கின்றன. ஒயரிங்கைப் புதுப்பித்துவிட்ட கட்டடமானால், கணினி, நெட்வொர்க் சுவிட்ச், நாஸ் ஆகிய மூன்றுக்கும் மின்னல் தடுப்புடன் ஒரு தனிப் பாதை அமைத்து, மற்றவற்றை மட்டும் காவலாளி இறக்கிவிட்டுப் போகும்படி செய்யலாம். புதுப்பிக்காத கட்டடமானால், இம்மடலில் நான் சொல்லும் முறையை அங்கே கொண்டுவர வேண்டாம் என்றே சொல்லுவேன். மாலை ஐந்து மணிக்கு, ஆட்கள் இருக்கும்போதே, பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தைப் பணயம் வைத்துக் கோப்பைக் காப்பாற்றுவது புத்திசாலித்தனம் ஆகாது.

"கணினிக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறதே, அதுவே தன்னை எழுப்பிக்கொள்ளாதா?" என்று விஷயம் தெரிந்த இளைஞர் ஒருவர் உங்கள் குழுவில் கேட்கக்கூடும். எழுப்பிக்கொள்ளும். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில், இவ்வேலைக்காகக் கணினியை எழுப்புக என்று ஒரு குறியிட்டால் போதும். ஒரே ஒரு கணினி உள்ள காரியாலயத்துக்கு அதுவே போதுமானது. நெட்வொர்க் அழைப்பு அங்கே வீண் ஆடம்பரம். ஆனால் அலுவலகத்தில் இரண்டு, அர்ச்சனைச் சீட்டுக் கவுண்டரில் ஒன்று, மண்டபத்தில் ஒன்று, வாசகசாலையில் ஒன்று என்று பரவிய இடத்தில், ஒவ்வொன்றின் கடிகாரத்தையும் தனித்தனியே அமைத்து, அவை எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து நாஸின் மேல் விழாதபடி பார்த்துக்கொள்ளுவதைவிட, நாஸே ஒன்றன்பின் ஒன்றாக அழைத்து, எழுந்ததா என்று விசாரித்து, எழாவிட்டால் மீண்டும் ஒரு முறை அழைத்து, முடிந்தபின் அடுத்ததற்குப் போவது சிலாக்கியம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: மேஜிக் பாக்கெட்டுக்குப் பதில் வராது. எழுந்துவிட்டேன் என்றோ, எழவில்லை என்றோ கணினி சொல்லாது. அனுப்பியவுடனே எல்லாம் ஆயிற்று என்று கருதிக்கொள்ளும் ஏற்பாடு, முன்பிருந்த சிவப்பு வரிகளையே வேறு உருவத்தில் உற்பத்தி செய்யும்.

இவ்வளவு எளிய அழைப்பில் அபாயம் இல்லையா என்றால், இருக்கிறது. அதனை மறைத்துப் பேசுவது எனக்கு அழகன்று. இந்தப் பாக்கெட் யாருடைய கடவுச்சொல்லையும் கேட்பதில்லை. ஆறு பைட் இரகசியச் சொல்லைக் கூடவே அனுப்பும் ஒரு விரிவு உண்டு எனினும், அதை ஏற்கும் கார்டுகள் சிலவே. அச்சொல்லும் மறைவின்றியே போகிறது. லேனுக்குள் புகுந்தவர் எவரும் யாரையும் எழுப்பலாம். 2018 முதல் உலகெங்கும் மருத்துவமனைகளிடமும் நகரசபைகளிடமும் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறித்த ரியூக் என்னும் தீங்குநிரல், இதே யுக்தியைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டதை 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். அகப்பட்ட கணினி அண்மையில் யார் யாருடன் பேசியது என்ற பட்டியலைப் படித்து, அவற்றில் உறங்கிக்கொண்டிருந்தவற்றுக்கெல்லாம் மேஜிக் பாக்கெட் அனுப்பி எழுப்பி, எழுந்தவற்றின் டிஸ்க்கையும் பூட்டியது அது. உறங்குகிற கணினிக்கு வைரஸ் வராது என்று நிம்மதியாக இருந்தவர்களை, உறக்கத்திலிருந்து எழுப்பிக் கொள்ளையிட்டது.

ஆதலால் நான் வேண்டிக்கொள்ளுவது இது. திருமணத்துக்கு மண்டபம் எடுத்தவர்களும் திருவிழாவுக்கு வந்த பக்தர்களும் பயன்படுத்தும் வைஃபையை, காரியாலயத்தின் லேனிலிருந்து முற்றிலும் பிரித்துவிடுங்கள். இன்றைய ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றில் அதற்குக் கெஸ்ட் நெட்வொர்க் என்று தனி வசதி இருக்கிறது. வீட்டிலிருந்தே காரியாலயக் கணினியை எழுப்பலாம் என்று ஆசை காட்டி, ரவுட்டரில் ஒரு வாயிலைத் திறந்துவைக்கச் சொல்லும் ஆலோசனைகளுக்குச் செவி சாய்க்காதீர்கள். காப்புப் பிரதியைக் கணினி கொண்டுபோய் நாஸில் வைப்பதற்குப் பதிலாக, நாஸ் வந்து கணினியிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். நாஸின் கடவுச்சொல் எந்தக் கணினியிலும் பதிந்திருக்க வேண்டாம். அப்பொழுது ஒரு கணினி கெட்டாலும், கெட்ட கணினியால் பிரதிகள் இருக்கும் அறைக்குள் நுழைய முடியாது.

நாஸும் அதே கட்டடத்தில்தானே இருக்கிறது என்ற கேள்வி இதற்குள் உங்கள் மனத்தில் எழுந்திருக்கும். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி இரவு அடித்த புயல் மழையை ஜார்ஜ் டவுன்காரர் எவரும் மறக்கவில்லை. ஒரே இரவில் தெருக்கள் கால்வாய்களாகி, உயிர்களும் பறிபோன அந்த வெள்ளத்தில், கீழ்த்தளத்து அலமாரியின் அடித்தட்டும் மேசைக்கு அடியில் இருந்த பெட்டியும் அதன் பக்கத்திலேயே இருந்த பிரதியும் ஒரே தண்ணீரில் நனைந்தன. நெருப்பும் பாரபட்சம் பார்ப்பதில்லை. பெரும் பொருளும் பாதுகாப்பும் உடைய இன்டெலின் பினாங்குத் தொழிற்கூடமே 1975-இல் தீக்கிரையாயிற்று. ஆகையால் ஒரு பிரதி கடலைக் கடந்து போக வேண்டும். நாஸ் வாரம் ஒரு முறை, பூட்டிட்ட வடிவில், பட்டர்வொர்த்திலோ புக்கிட் மெர்தாஜாமிலோ உள்ள உறுப்பினர் ஒருவருடைய வீட்டிலிருக்கும் இன்னொரு நாஸுக்கு அனுப்பலாம். மாதக் கட்டணம் செலுத்திக் கிளவுடில் வைத்தாலும் சரியே. பினாங்கு வீதியின் கிட்டங்கிகளில் காலை மடித்து உட்கார்ந்து கணக்கெழுதிய செட்டியார்களுடைய ஏஜெண்டுகள், பேரேடு இங்கே இருந்தாலும், அதன் சாரத்தை ஐந்தொகையாக எழுதிக் கப்பல் தபாலில் செட்டிநாட்டு முதலாளிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். முதலாளிக்கு ஏஜெண்டின் மேல் இருந்த நம்பிக்கைக் குறைவு மட்டும் அதற்குக் காரணமன்று. கடலுக்கு அந்தப் பக்கமும் ஒரு கணக்கு இருக்க வேண்டும் என்ற வியாபார ஞானமும் காரணம்.

சட்டத்தின் பக்கமும் சற்றுப் பாருங்கள். வருமான வரிச் சட்டம் கணக்கேடுகளை ஏழு ஆண்டுகள் பாதுகாக்கச் சொல்லுகிறது. 1966-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் பதிவாளருக்கு விவரம் சமர்ப்பிக்க வேண்டும். 2024 ஆகஸ்ட் முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக இறங்கிவந்த மின்-விலைப்பட்டியல் முறையால், காகிதத்தில் ஒரு நகல் இருக்கும் என்ற பழைய ஆறுதலும் குறைந்துகொண்டே வருகிறது. கணினி போய்விட்டது என்று பதிவாளரிடம் சொன்னால் அனுதாபம் கிடைக்கலாம். கால அவகாசம் கிடைக்கும் என்று எண்ணியிருக்க வேண்டாம்.

இதற்கு மேலும் இந்த ஏற்பாட்டை ஒரு கணினிக்காரனிடம் ஒப்படைத்துவிட்டு மறந்துவிடலாம் என்று நீங்கள் நினைத்தால், அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளுமாறு அக்கணினிக்காரனே வேண்டிக்கொள்ளுகிறான். வருகின்ற செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனை ஒரு விஷயமாகச் சேர்த்து, நாஸ் அனுப்பும் காலை அறிக்கையைப் படிக்கும் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒருவருக்குக் கொடுங்கள். உபகாரியதரிசிக்குக் கொடுத்தால் நலம், அவருக்குத்தான் பெரும்பாலும் வேலை குறைவு. வேலையற்ற ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் இருவராக உட்காருங்கள்: ஒருவர் கணக்கருடைய கணினியை உறங்கவிட்டு அதன் எதிரில் கையைக் கட்டிக்கொண்டிருக்கட்டும், மற்றவர் நாஸிலிருந்து அழைப்பு விடுக்கட்டும், விசிறி சுழலும் ஓசை கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால், அன்றே காப்புப் பிரதியிலிருந்து சென்ற ஆண்டின் வரவு செலவுக் கணக்கை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து, கடைசிப் பக்கத்துத் தொகை தணிக்கையாளர் கையொப்பமிட்ட தொகையோடு ஒத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கேட்காவிட்டால், நான் மேலே சொன்ன பள்ளங்களுள் ஏதோ ஒன்றில் விழுந்திருக்கிறீர்கள். முதலில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பைச் சந்தேகியுங்கள்.

ஒவ்வொரு கணினியின் மேக் முகவரியையும் அது இருக்கும் இடத்தையும் நடவடிக்கைப் புத்தகத்தின் கடைசித் தாளில் பேனாவால் எழுதி வையுங்கள். பழுதான தாய்ப்பலகையை மாற்றும்போது அதனோடு முகவரியும் மாறிவிடும். நாஸுக்கு அது தெரியாது. இல்லாத கணினியைப் பழைய முகவரியில் இரவுதோறும் அழைத்துக்கொண்டிருக்கும். பழுது பார்க்க வருபவரிடம் கூலி கொடுக்கு முன், புதிய பன்னிரண்டு எழுத்துகளையும் கேட்டு வாங்கி, பழையதை அடித்துவிட்டு, பக்கத்தில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். அன்று மாலையே நாஸிலும் மாற்றிவிடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் காரியாலயங்களின் மேசைகளுக்கு அடியில் குனிந்து பழகிய ஒருவன்
ஜார்ஜ் டவுன், பினாங்கு